கடல் தின்னும் மதில்கள்: அயர்லாந்துப் பயணக் குறிப்புகள்

அயர்லாந்தின் கரையை ஒட்டி ஒரு வகை இடங்கள் இருக்கின்றன. கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு நிலமுனை. மூன்று பக்கமும் செங்குத்தாக இறங்கும் பாறை. நிலத்தோடு ஒட்டும் குறுகலான கழுத்துப் பகுதியில் மட்டும் குறுக்கே ஒரு கல்மதில், அல்லது மண்கரையும் அகழியும். அவ்வளவுதான் கோட்டை. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் வெஸ்ட்ராப் என்ற ஆய்வாளர் கரை கரையாகப் போய் இவற்றைப் பதிவு செய்தார். அவர் பார்த்தவற்றில் சில இன்று அந்த வடிவத்தில் இல்லை. கடல் அரித்துக்கொண்டே வருகிறது. அதனால்தான் போக வேண்டும் என்று எனக்கு அவசரம்.

தம்பி கால்வேயில் வேலை பார்க்கிறான், கார் வைத்திருக்கிறான். "அக்கா, இங்க வர்றவங்க எல்லாம் மோஹர் பாறையைப் பாத்துட்டுப் போவாங்க. நீ என்ன, இடிஞ்ச சுவராத் தேடிப் போற?" என்று கேட்டான். ஆனாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு டப்ளின் விமான நிலையத்துக்கே வந்துவிட்டான்.

மே 17, ஹோத்

வந்து இறங்கிய மறுநாள். தூக்கம் இன்னும் நம் ஊர் நேரத்திலேயே இருந்தது. டப்ளினுக்கு வடகிழக்கே உள்ள ஹோத் முனையைச் சுற்றிப் பாறை ஓரமாக ஒரு நடைபாதை போகிறது. மே மாதம் என்பதால் முட்புதர் எல்லாம் மஞ்சளாகப் பூத்திருந்தது. தென்கிழக்கு மூலையில் பெய்லி கலங்கரை விளக்கம். 1814இல் கட்டியது. அது நிற்கும் நாக்கு போன்ற நிலமே ஒரு பழைய கோட்டை முனை. கழுத்தை வெட்டித் தடுத்து வாழ்ந்த இடத்தில் விளக்கைக் கட்டிவிட்டார்கள். உள்ளே விடுவதில்லை, மேலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. கப்பல்காரனுக்குத் தெரிய வேண்டிய இடமும், 2000 ஆண்டுக்கு முந்தைய ஆள் தேர்ந்தெடுத்த இடமும் ஒன்றாக இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடலில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது இந்த முனைகள்தான்.

துறைமுகத்தில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் 16 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுலபம், ஆனால் அப்படிக் கணக்குப் போட்டால் சாப்பாடு இறங்காது. மீன் நல்ல மீன். கடற்காகம் ஒன்று பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்து ஒரு துண்டைப் பறித்துக்கொண்டு போனது. கடைக்காரப் பெண் ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்கு இன்னொரு துண்டு கொண்டுவந்து வைத்தார், காசு வாங்கவில்லை.

மே 18, ட்ரமானா

டப்ளினுக்கு வடக்கே லாக்‌ஷின்னி என்ற சிறிய கடலோர ஊர். அதை ஒட்டி ட்ரமானா முனை. ஏறத்தாழ 16 ஹெக்டேர், அதாவது 40 ஏக்கர். இந்த வகையில் நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்று. கல்மதில் கிடையாது, கழுத்தின் குறுக்கே வரிசையாக மண்கரைகளும் அகழிகளும். இன்று அவற்றின் மேல் புல் மூடி, மேடு பள்ளமாக ஒரு வயல்வெளி மாதிரி கிடக்கிறது. தெரியாதவர் நேராக ஏறிக் கடந்து போய்விடுவார். நாய்களை நடத்திக்கொண்டு வந்தவர்கள் அப்படித்தான் போனார்கள்.

நடுவில் உருண்டையாக ஒரு காவல் கோபுரம் நிற்கிறது. நெப்போலியன் படையெடுத்து வந்துவிடுவானோ என்ற பயத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசு கட்டியது. அந்தக் கோபுரம் கடலைப் பார்க்கிறது. பழைய கரைகளோ நிலத்தைப் பார்க்கின்றன. ஒரே இடத்தில் பயம் இரண்டு திசையில் திரும்பி நிற்பதை இங்கேதான் பார்த்தேன்.

ட்ரமானா மற்ற முனைகளைப் போல இல்லை. இங்கே ரோமானியப் பொருட்கள் கிடைத்தன. அயர்லாந்தை ரோமானியர் ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் டைட்டஸ், டிராஜன், ஹேட்ரியன் காலத்து நாணயங்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. வருத்தம் என்னவென்றால், அவற்றைக் கண்டெடுத்தவர்கள் 1980களில் உலோகம் தேடும் கருவியோடு திருட்டுத்தனமாக வந்தவர்கள். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற செய்தி முழுவதும் போய்விட்டது. நாணயத்தைக் காட்டிலும் அந்தச் செய்திதான் விலைமதிப்புள்ளது. அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடி இந்தக் கருவியைப் பயன்படுத்துவது இங்கே சட்டப்படி குற்றம்.

பிறகு ஃபிங்கல் மாவட்ட மன்றம் நிலத்தை வாங்கி, 2018 முதல் ஊர்மக்களையும் சேர்த்துக்கொண்டு முறையாகத் தோண்டியது. அதில் கிடைத்த ஒரு பொருளைப் படித்ததிலிருந்துதான் எனக்கு இந்த இடத்தின் மேல் ஆசை. ஒரு கருகிப்போன அத்திப்பழம். ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழசு. அயர்லாந்தில் கிடைத்த மிகப் பழைய வெளிநாட்டுப் பழம் என்று 2024இல் அறிவித்தார்கள். இந்தக் குளிரில் அத்தி அன்று விளைந்திருக்காது. தெற்கே எங்கிருந்தோ கப்பலில் வந்திருக்க வேண்டும். அதே நூற்றாண்டுகளில் ரோமானியர் வணிகம் அந்தப் பக்கம் நம் அரிக்கமேடு வரை போய் மதுச் சாடிகளை இறக்கியிருக்கிறது. ஒரே வணிகத்தின் ஒரு நுனி அங்கே, மறுநுனி இங்கே. மண்கரை மேல் உட்கார்ந்து தம்பி கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டபோது இதைத்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "யாரோ அத்திப்பழத்தைச் சாப்பிடாம அடுப்புல போட்டிருக்காங்க, அதான் மிச்சம் இருக்கு" என்றான். சரிதான். கருகியதால்தான் அது மக்காமல் தப்பியது.

மே 20, டிங்கிள்

நாட்டின் குறுக்கே தென்மேற்கு மூலைக்கு நீண்ட கார்ப் பயணம். கெர்ரி பகுதிக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கவனித்தேன். எதிரே வரும் வண்டிக்காரர் ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குகிறார்கள். "இவங்க எல்லாம் உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டேன். யாரையும் தெரியாதாம். குறுகிய சாலையில் எதிரே வருகிறவரைக் கண்டால் அப்படி ஒரு வணக்கம். ஒரு மணி நேரத்தில் நானும் முன்சீட்டிலிருந்து விரலைத் தூக்க ஆரம்பித்துவிட்டேன்.

டிங்கிள் ஊரில் ஒரு கடைக்குள் ஆணி, திருகு, வண்ணப்பூச்சு எல்லாம் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் மதுக்கூடம். நான் ஒரு தேநீர் கேட்டேன், முகம் சுளிக்காமல் போட்டுக்கொடுத்தார்கள். 3 யூரோ. இரவு மீன் சூப்பும் பிரவுன் பிரெட்டும். கெட்டியாக, பாலாடையோடு, உள்ளே மூன்று நான்கு வகை மீன் போட்டு 11 யூரோ. இந்தப் பயணத்தில் காசுக்கு மதிப்பான சாப்பாடு இதுதான். மிளகு மட்டும் நான் கொண்டுபோனதைத் தூவிக்கொண்டேன்.

இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது.

மே 21, டன்பெக்

காலையில் தூறல். குடை விரித்தால் காற்று திருப்பிவிடுகிறது, அதனால் இங்கே யாரும் குடை பிடிப்பதில்லை. ஸ்லே ஹெட் சாலை ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். பெரிய பேருந்துகள் கடிகாரச் சுற்றில் போவதால் நாமும் அப்படியே போக வேண்டும். எதிர்த்திசையில் போனால், பேருந்து வரும்போது வண்டியைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டு வர வேண்டியதுதான்.

ஃபாஹன் என்ற இடத்தில் மலைச்சரிவு முழுவதும் கல் குடிசைகள். சாந்து இல்லாமல், ஒவ்வொரு அடுக்கையும் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கிக் கூரை வரை மூடியிருக்கிறார்கள். இந்த நிலங்கள் விவசாயிகளுக்குச் சொந்தம். வாசலில் ஒரு அம்மா உட்கார்ந்து ஆளுக்கு 4 யூரோ வாங்கினார். ஆட்டுக்குட்டியைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளவும் விடுகிறார். குட்டி நனைந்து நடுங்கியதால் நான் வாங்கவில்லை. அவரும் "நல்லது" என்று சொல்லி அதைத் தாயிடம் விட்டுவிட்டார்.

அதற்குக் கீழே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில்தான் டன்பெக். பயணத்தின் முதல் நாளிலிருந்து நான் எதிர்பார்த்திருந்த இடம். வாயிற்கதவு பூட்டியிருந்தது. பூட்டியிருக்கும் என்று தெரிந்துதான் வந்தோம், இருந்தாலும் அந்தப் பூட்டைப் பார்த்தபோது மனம் கனத்தது. 2014 தொடக்கத்துப் புயல்களில் முனையின் ஒரு பகுதி சரிந்தது. பிறகு 2017–18 குளிர்காலத்தில் வாசலை ஒட்டிய மதில் ஒரு பெரும் துண்டாகக் கடலில் விழுந்தது. அதிலிருந்து உள்ளே யாரையும் விடுவதில்லை.

சாலையிலிருந்து இறங்கும் சரிவில் நின்று பார்த்தோம். முக்கோணமாகக் கடலுக்குள் நீட்டிய ஒரு துண்டு நிலம். குறுக்கே கனமான கல்மதில். அதற்கு வெளியே நிலத்தின் பக்கம் நான்கு மண்கரை, ஐந்து அகழி. மதிலின் ஒரு முனை நேராக வெட்டியது போல வெறும் காற்றில் முடிகிறது. அங்கேதான் விழுந்தது.

1977இல் டெர்ரி பாரி இங்கே தோண்டினார். மதிலுக்கு அடியில் இருந்த மிகப் பழைய பள்ளம் கி.மு. 580 வாக்கில் என்று தெரிந்தது. உள்ளே இருக்கும் கல்வீட்டில் ஆட்கள் இருந்ததோ கி.பி. 10, 11ஆம் நூற்றாண்டில். நடுவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டு இடைவெளி. ஆக, "இதை யார் கட்டினார்கள்?" என்று ஒருமையில் கேட்க முடியாது. ஒருவர் தோண்டிய இடத்தில் வேறொருவர் மதில் எழுப்பி, இன்னொருவர் குடியிருந்திருக்கிறார். வாசலுக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு சுரங்கப்பாதையும் உண்டு.

இங்கே நின்றபோதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. டன்பெக்குக்குப் பின்னால் மவுண்ட் ஈகிள் மலை நேரே எழும்புகிறது. அந்தச் சரிவில் நிற்கிற யாருக்கும் கோட்டைக்குள் நடப்பது முழுவதும் தெரியும். நாங்களே சாலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரிக்குப் பயந்து ஒளிய இப்படி ஒரு இடத்தை யாராவது பிடிப்பார்களா? ஐந்து அகழியைத் தாண்டி உள்ளே போனால் கிடைப்பது நாலு குடும்பம் நெருக்கியடித்து இருக்கக்கூடிய நிலம். காவலுக்கு வேண்டியதைவிட வாசல் பெரிது, உள்ளே இருப்பது சிறிது. வருகிறவரை நிறுத்தி, நடக்கவைத்து, ஒவ்வொரு கரையாகத் தாண்டவைத்து உள்ளே அழைப்பதற்கான வாசல் என்றுதான் எனக்குத் தோன்றியது. சடங்கோ, கூட்டமோ, பெரிய மனிதரைப் பார்க்க வருவதோ.

தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. "சும்மா பந்தாவுக்காக யாராவது இவ்வளவு கல் சுமப்பாங்களா, அக்கா?" என்றான். சுமப்பார்கள் என்றுதான் சொன்னேன். கோயில் கோபுரத்தை எந்த எதிரிக்காகக் கட்டினோம்?

கீழே பாறை ஓரம் முழுவதும் இளஞ்சிவப்புப் பூ. அதன் வேர்தான் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அயர்லாந்தும் வேல்ஸும் சேர்ந்து 2017 முதல் 2023 வரை செரிஷ் என்ற பெயரில் ஒரு ஆய்வுத் திட்டம் நடத்தின. ட்ரோன் விட்டு, லேசர் வைத்து, இப்படிக் கடல் அரிக்கும் இடங்களைப் பதிவு செய்தார்கள். டன்பெக்கும் அதில் ஒன்று. சுவர் கட்டித் தடுக்கலாமே என்று நம்மவர்கள் கேட்பார்கள். அடியில் இருப்பது உறுதியில்லாத மண். மேலே கட்டினால் அதுவும் சேர்ந்துதான் இறங்கும். விழுவதற்குள் அளந்து, தோண்டி, எழுதி வைத்துவிடுவதே செய்யக்கூடியது. கல் போனாலும் அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மதியம் மழை வலுத்தது. எதிரே தெரிந்த பிளாஸ்கெட் தீவுகள் மறைந்தே போயின. அங்கே கடைசியாக வாழ்ந்தவர்களை 1953இல் கரைக்குக் குடியேற்றிவிட்டார்கள்.

மே 23, ரோசவீல்

ஆரன் தீவுகளுக்குப் படகு ஏறும் துறை இது. கால்வேயிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம். பயணச்சீட்டு கையில் இருந்தது, படகும் துறையில் நின்றது, காற்றுதான் விடவில்லை. "இன்னும் அரை மணியில் சொல்கிறோம்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் கடைசியில் ரத்து என்றார்கள். பணம் திரும்ப வேண்டுமா, நாளைக்கு மாற்ற வேண்டுமா என்பதற்கு ஒருவரும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. தம்பிக்குக் கோபம் ஏறியது.

வரிசையில் இருந்த தீவுக்காரர்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒருவர் தான் கொண்டுபோகும் புதிய துவைக்கும் இயந்திரத்தின்மேல் சாய்ந்தே நின்றார். ஒரு பாட்டி தகர டப்பாவைத் திறந்து, வெண்ணெய் தடவிய ஸ்கோனைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் நீட்டினார். எங்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். டூன் டூகஹர் என்றேன், இனிஷ் மோர் தீவின் தென்கரையில் உள்ள கோட்டை முனை அது. "அங்கேயா? எல்லோரும் மற்றதற்குத்தானே போவார்கள்" என்று சொல்லிவிட்டு, எந்த வீட்டுச் சந்தில் திரும்பி எந்த இடத்தில் சுவர் தாண்ட வேண்டும் என்று என் குறிப்பேட்டில் வழி வரைந்து கொடுத்தார். பக்கத்தில் இருந்தவரோடு ஐரிஷ் மொழியில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்து, வழி கொஞ்சம் திருத்தப்பட்டது.

இரவு ஸ்பிட்டலில் ஒரு வீட்டில் அறை. 110 யூரோ. எதிர்பாராத செலவு.

மே 24, இனிஷ் மோர்: டூன் டூகஹர்

காற்று அடங்கிக் காலைப் படகு கிளம்பியது. 40 நிமிடம். கில்ரோனன் துறையில் இறங்கியதும் குதிரை வண்டி, சிற்றுந்து, வாடகை சைக்கிள் எல்லாம் வரிசையாக நின்றன. ஆரன் தீவுகளில் பெரியது இந்த இனிஷ் மோர்தான். 14 கிலோமீட்டர் நீளம், 800 சொச்சம் மக்கள். பார்க்கும் இடமெல்லாம் கல். சுண்ணாம்புப் பாறையே தரை. அதில் விழுந்த வெடிப்புகளில் பூவும் புல்லும். மணலையும் கடற்பாசியையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்து பாறைமேல் கொட்டித்தான் இங்கே மண்ணே உண்டாக்கினார்கள். அதைக் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க அங்குலம் அங்குலமாகக் கல்வேலி.

பாட்டி வரைந்த படத்தை நம்பி, கில்லேனி பக்கம் திரும்பித் தென்கரையை நோக்கி நடந்தோம். பாதை முடிந்த இடத்திலிருந்து வெறும் பாறைத் தளம். வெடிப்புக்குள் கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும், பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. வழியில் ஒரு ஆள் கிடையாது. நுழைவுக் கட்டணமும் கிடையாது.

பிறகு மதில் தெரிந்தது. இப்படி இருக்கும் என்று எந்தப் படமும் எனக்குச் சொல்லவில்லை. நிலமுனையின் குறுக்கே வளைந்து செல்லும் கருத்த கல்சுவர், ஏறக்குறைய 6 மீட்டர் உயரம், 5 மீட்டர் கனம். சாந்து கிடையாது. அதன் உட்பக்கம் படிப்படியாக ஏறிப் போகலாம். அடிவாரத்தில் உள்பக்கமாகச் சில கல்வீடுகளின் அடிச்சுவர் மட்டும் மிச்சம், ஒன்றோடொன்று ஒட்டி, எல்லாம் மதிலின் மறைவில் காற்றுக்கு ஒதுங்கி. அதைத் தாண்டிப் பாறை, பிறகு அட்லாண்டிக்.

மதிலுக்கு வெளியே, நிலத்தின் பக்கம், கூர்க்கற்களைச் செங்குத்தாக நட்டு ஒரு காடாக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் காம்பவுண்டு சுவர் மேல் உடைந்த கண்ணாடி பதித்திருப்போமே, அதையே தரையில், முழங்கால் உயரத்தில், ஆயிரக்கணக்கில் செய்தால் எப்படி இருக்கும், அது. ஓடி வருகிறவன் ஓட முடியாது, ஒவ்வொரு கல்லுக்கும் நடுவே பாதம் தேட வேண்டும். மேலே நிற்பவன் கையில் கல் இருந்தால் போதும். டன்பெக்கில் நான் பேசியதைத் தம்பி நினைவுபடுத்தினான். "இதுவும் சடங்கா, அக்கா?" இந்த இடத்தைப் பொறுத்தவரை அவன் பக்கம்தான் நியாயம். இங்கே யாரோ யாரையோ உண்மையாகவே பயந்திருக்கிறார்கள். எல்லா முனைகளையும் ஒரே காரணத்தில் அடைக்கக் கூடாது; ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நின்றுதான் கேட்க வேண்டும்.

மதிலின் இரண்டு முனையும் பாறை விளிம்பில் திடீரென்று நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் இருந்த நிலம் போய்விட்டது. அலை அடிக்கும்போது தரையே அதிர்வது காலில் தெரிந்தது. இந்தக் கடலின் பலத்தைப் பற்றி ஒரு கணக்கு உண்டு: 2013–14 குளிர்காலப் புயல்களில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் 620 டன் எடையுள்ள பாறை ஒன்றை அலை நகர்த்தியிருக்கிறது. இந்தத் தீவின் தென்கரையில் பாறை உச்சிகளின் மேலேயே அலை தூக்கி எறிந்த கற்கள் வரப்பு கட்டிக் கிடப்பதைப் பார்த்தோம்.

மூன்று மணி நேரம் இருந்திருப்போம். வேறு யாரும் வரவில்லை. திரும்பும்போது என் செருப்பு, அதாவது நடைக்கென்று புதிதாக வாங்கிய ஷூ, அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது. தம்பி தன் ஷூ நாடாவில் ஒன்றைக் கழற்றிச் சுற்றிக் கட்டிவிட்டான். ஊருக்குள் வந்ததும் கடையில் பசை கேட்டோம். கடைக்காரர் ஷூவை வாங்கி அவரே ஒட்டி, கல் தூக்கி வைத்து, "காலையில் வாருங்கள்" என்றார். எவ்வளவு என்று கேட்டதற்குப் பசை இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மே 25, டூன் ஏங்கஸ்

ரோசவீல் துறையில் பாட்டி சொன்ன "மற்றது" இதுதான். தீவுக்கு வருகிற எல்லோரும் வருவது இதற்கு. கில்மர்வியில் சீட்டு 5 யூரோ. அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கல்பாதையில் ஏற்றம். மேலே போகும்வரை அந்தப் பக்கத்துக் கடல் தெரியாது.

நான்கு அடுக்கு மதில், மொத்தம் 14 ஏக்கர். மூன்றாவது மதிலுக்கு வெளியே இங்கேயும் கூர்க்கல் காடு. கடைசி வாசலில் குனிந்து உள்ளே போனால் சுமார் 50 மீட்டர் அகலத்தில் ஒரு திறந்த முற்றம், எதிரே தடுப்பே இல்லாமல் தரை முடிந்துபோகிறது. கீழே 90 மீட்டருக்குப் பக்கம். கம்பி வேலி இல்லை. வந்தவர்கள் வயிற்றால் படுத்து, ஊர்ந்து போய், தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். காற்று கீழேயிருந்து மேலே அடித்து மூச்சை அடைத்தது.

ஒன்றைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். இப்போது நாம் பார்க்கும் மதிலில் ஒரு பகுதி 1880களில் திரும்பக் கட்டியது. வெளிப்பக்கம் முட்டுக்கொடுத்து நிற்கும் கல் தாங்குசுவர்கள் அப்போது சேர்த்தவை. அவர்கள் அன்று அதைச் செய்யாமல் இருந்தால் இன்னும் நிறையச் சரிந்திருக்கும் என்பதால் எனக்கு அதில் குறை இல்லை.

1990களில் கிளேர் காட்டர் தலைமையில் இங்கே தோண்டினார்கள். கி.மு. 1100 வாக்கிலேயே இந்த உச்சியில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வட்ட வீடுகளின் அடித்தளம், அடுப்புகள், எலும்பு ஊசிகள், வெண்கல வாளும் ஈட்டிமுனையும் வார்த்த களிமண் அச்சுகளின் துண்டுகள் கிடைத்தன. கூடவே, பாறையில் ஒட்டிக்கிடக்கும் ஒரு வகைச் சிப்பியின் ஓடுகள், ஏராளமாக. அதாவது இங்கே இருந்தவர்கள் கீழே கடலுக்கு இறங்கிச் சிப்பி பொறுக்கிக்கொண்டு இந்த உயரத்துக்குத் தூக்கி வந்து தின்றிருக்கிறார்கள். கூடை சுமந்த பெண்களையும் பிள்ளைகளையும்தான் நான் அந்த ஏற்றத்தில் நினைத்துப் பார்த்தேன். வாள் வார்க்கிற இடத்தில் அதே அடுப்புக்குப் பக்கத்தில் குழந்தைக்குச் சாப்பாடும் நடந்திருக்கிறது. கோட்டை என்றதும் நாம் படையை மட்டும் நினைத்துக்கொள்வது எவ்வளவு குறை.

ஆனால் உள்ளே ஊற்றோ கிணறோ இல்லை. முற்றுகை போட்டால் சில நாளில் நாக்கு வறண்டுவிடும். இங்கே டன்பெக்கில் எழுந்த என் கேள்விக்குக் கொஞ்சம் பலம் வந்தது. முற்றத்தின் நடுவில் விளிம்பை ஒட்டி மேடை மாதிரி உயர்ந்த இயற்கைப் பாறை ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஒருவர் நின்றால் பின்னால் வானமும் கடலும் மட்டும். இவ்வளவு தூரம் வாசல் வாசலாக நடந்து வந்தவர்கள் கண்ணுக்கு அந்த ஆள் எப்படித் தெரிந்திருப்பார்! தம்பியும் இதை மறுக்கவில்லை. மேடைமேல் ஏறி நின்று என்னைப் படம் எடுக்கச் சொன்னான்.

பதினொரு மணிக்குமேல் படகுக் கூட்டம் வந்து முற்றம் நிறைந்துவிட்டது. நீங்கள் போவதானால் தீவில் இரவு தங்கி, காலைப் படகுக்கு முன்னால் ஏறிவிடுங்கள்.

கீழே இறங்கி வந்து ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட், தேநீர், 15 யூரோ. கம்பளி ஸ்வெட்டர் 90 யூரோவிலிருந்து ஆரம்பம். தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன், நம் ஊரில் எப்போது போடுவது.

மே 26, கில்ரோனன்

தங்கியிருந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். காலை உணவுக்கு முட்டை, வாட்டிய தக்காளி, சோடா பிரெட். நாங்கள் இங்கே வந்ததே டூன் டூகஹருக்காக என்று தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் ஆடு தேடி அங்கே போவார்களாம். என் கைபேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். மதிலின் ஒரு முனையில் விரலை வைத்து, "இதற்கு அந்தப் பக்கம் நாங்கள் ஆளுக்கு ஆள் கைகோத்து நடப்போம். இப்போது நடக்க இடம் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. படத்தில் அங்கே பாறை விளிம்புதான் இருந்தது.

இதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். குறிப்பேட்டை எடுத்து நான் வரைய ஆரம்பித்தேன். மதில், வீடுகள், பாறை விளிம்பு இன்று இருப்பது போல ஒரு கோடு. அவர் பென்சிலை வாங்கி, அன்று விளிம்பு இருந்த இடம் என்று வெளியே இன்னொரு கோடு போட்டார். யோசித்து, ஒரு இடத்தில் அழித்துச் சற்று உள்ளே தள்ளினார். ஆடுகள் மழைக்கு ஒதுங்கிய மூலையையும் குறித்தார். எத்தனை அடி என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பாஸ்டனில் இருக்கும் அக்காவுக்கு நினைவிருக்கும் என்று அந்தப் பக்கத்தைத் தன் கைபேசியில் படம் பிடித்து அங்கேயே அனுப்பினார். அங்கே அப்போது விடிந்திருக்காது. படகுக்கு நேரமாகிவிட்டதால், பதில் வந்ததும் எனக்கும் எழுதச் சொல்லி மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.